மூன்று விலை, ஒரே மாமரம்

தைப்பிங், கமுந்திங் பக்கம் ஒரு தாமானிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வேலை கோலாலம்பூரில். அம்மா மட்டும் ஊரில், மூலை வீட்டில். தோட்டத்தை விட்டு வந்து அந்த வீட்டை வாங்கிய ஆண்டே அப்பா பக்கவாட்டு நிலத்தில் ஒரு மாங்கன்று நட்டாராம். அப்பா இப்போது இல்லை. மரம் கூரையைத் தாண்டி நிற்கிறது. போன அக்டோபர் மழையில் ஒரு கிளை முறிந்து பக்கத்து வீட்டு அவ்னிங்கில் விழுந்திருக்கிறது. அடிமரத்தில், வீட்டைப் பார்த்த பக்கத்தில், பழுப்பு நிறத்தில் தட்டுப்போல ஒரு காளான் வேறு முளைத்திருக்கிறது.

மரம் வெட்டுபவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். ஒருவர் 600 வெள்ளி என்றார். இன்னொருவர் 1,500. மூன்றாமவர் 2,800. "ஒரே மரத்துக்கு எப்படி ஐயா மூன்று விலை? இதில் யார் என்னை ஏமாற்றுகிறார்கள்? அம்மாவோ வெட்டவே கூடாது என்கிறார். தம்பியும் அக்காவும் செலவைப் பங்கு போடத் தயார், ஆனால் எவ்வளவு என்று சொன்னால்தானே" என்று கேட்டிருக்கிறார்.

மூவரில் யாருமே ஏமாற்றாமல் இருக்கலாம், சகோதரி. அவர்கள் விலை சொன்னது மூன்று வேறு வேலைகளுக்கு.

மரம் வெட்டும் கூலி மரத்தின் உயரத்தைப் பொறுத்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். உயரமும் கணக்கில் வரும்தான். ஆனால் வெட்டவெளியில் நிற்கும் அறுபதடி மரத்தை ஒரு ஆள் இயந்திர ரம்பத்தோடு வந்து அரை நாளில் சாய்த்துவிடுவார். அதே மரம் இரண்டு கூரைகளுக்கு நடுவில் நின்றால் அதைச் சாய்க்கவே முடியாது. மேலே ஏறி, துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தக் கயிற்று வேலைக்குத்தான் போகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டடி குறுக்களவுள்ள அடிமரத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்தால், பச்சை மரம் என்பதால் அது ஏறக்குறைய கால் டன் இருக்கும். அது கை நழுவி விழுந்தால் ஓடு என்ன, கான்கிரீட் தரையே பிளந்துவிடும். ஆகவே எவ்வளவு பெரிய மரம் என்பதோடு, அதன் கீழே என்ன இருக்கிறது, லோரி எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்க முடியும், மின்கம்பி எத்தனை அடி தள்ளிப் போகிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் அனுபவமுள்ளவர் விலை சொல்வார். வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு உடனே விலை சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

சரி, 600 வெள்ளிக்கு என்ன கிடைக்கும்? சகோதரி திரும்பக் கேட்டபோது அந்த அண்ணன் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: வெட்டிப் போடுவது மட்டும்தான் அவர் வேலை. அள்ளிப் போவது நம் பாடு, அடிக்கட்டை தரையிலேயே நிற்கும். லோரிக்கு விசாரித்தால் ஒரு நடைக்கு 300, குறைந்தது இரண்டு நடை ஆகும் என்றார்களாம். அடிக்கட்டையை இயந்திரத்தால் அரைத்து எடுக்கத் தனியாக 300. கூட்டினால் 1,500 ஆகிவிட்டது. இரண்டாமவர் சொன்ன 1,500-இல் மூன்று ஆட்கள், கயிறு, லோரி, குப்பை அகற்றுவது எல்லாம் அடக்கம். அடிக்கட்டை மட்டும் தனி, ஆக 1,800. 900 வெள்ளி வித்தியாசம் என்று நினைத்தது உண்மையில் 300 வெள்ளிதான். இந்தத் தொகைகள் இந்த ஒரு மரத்துக்கு, இந்த ஒரு வீட்டுக்குச் சொன்னவை. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் கூட்டிப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

மூன்றாமவரின் 2,800-இல் தூக்கு மேடை வைத்த லோரி, அடிக்கட்டை அகற்றுவது, பொதுப் பொறுப்புக் காப்புறுதி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை நம் ஆட்கள் கேட்பதே இல்லை. வெட்டும்போது ஒரு கிளை பக்கத்து வீட்டுக் கூரையை உடைத்தால் யார் பணம் கட்டுவது? மேலே ஏறியவர் தவறி விழுந்தால்? வேலைக்கு வைத்தவர் தம் ஆட்களுக்கு சொக்சோ கட்டுகிறாரா என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கூலிக்கு மரம் ஏறுபவரும் ஒரு வீட்டின் அப்பாதான். 200 வெள்ளி மிச்சம் பிடித்து, உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் முதுகெலும்பை உடைத்துக்கொள்வதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

இங்கே காப்புறுதி பற்றி ஒரு விஷயம். வீட்டுக்குத் தீக் காப்புறுதி இருக்கிறது, மரம் விழுந்தால் அது பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு போன்றவற்றுக்குத்தான். விழும் மரம், விழும் கிளையால் வரும் சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்திருந்தாலும், நீங்களே ஆள் வைத்து வெட்டும்போது ஏற்படும் சேதம் அதில் வருமா என்பதைப் பத்திரத்தைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதை விலக்கியிருப்பார்கள். காருக்கும் இதே கதைதான். முழுக் காப்புறுதி இருந்தாலும், புயல் காற்று, வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கான கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால்தான் காற்றில் சாய்ந்த மரத்துக்கு நம்பிக்கையோடு கோரலாம். 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் உயிரிழந்தார், 17 வாகனங்கள் சேதமடைந்தன. அந்த வாரம் எத்தனையோ பேர் காப்புறுதிப் பத்திரத்தை முதன்முறையாகத் திறந்து படித்திருப்பார்கள்.

தைப்பிங்காரர்களுக்கு மரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1880-இல் ஈயச் சுரங்கக் குழிகளை ஏரித் தோட்டமாக மாற்றத் தொடங்கிய ஊர் இது. 1884-இல் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீரைத் தொடுவதுபோல் கை நீட்டிக்கொண்டிருப்பதைப் படம் எடுக்காத மாப்பிள்ளை பெண்ணே இங்கே இல்லை. தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊரும் இதுதான், ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு. இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

ஏரிக்கரை மரத்துக்குச் சாய்வதற்கு ஏரி இருக்கிறது. 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள தாமான் வீட்டு மரத்துக்கு அந்த வசதி இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு கூரை. மண் எப்போதும் ஊறிக் கிடக்கும்போது வேரின் பிடி தளரும். நம் பெற்றோர் தோட்ட லயத்தை விட்டு வீடு வாங்கிய காலத்தில் ஆளுக்கொரு மா, பலா, தென்னை, ரம்புத்தான் என்று நட்டார்கள். தோட்டத்தில் எந்த மரமும் நம்முடையதாக இருந்ததில்லை. சொந்த நிலத்தில் சொந்தமாக ஒரு மரம் வேண்டும் என்ற ஆசை அது. அந்த மரங்களுக்கெல்லாம் இப்போது முப்பது, நாற்பது வயது. நட்டவர்களில் பலர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். வயதான அம்மாமார்தான் மரத்தோடும் மழையோடும் இருக்கிறார்கள்.

அதனால் அம்மா வேண்டாம் என்பதை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். முதலில் வெட்டத்தான் வேண்டுமா என்று பார்ப்போம். பச்சையாக, நேராக, அடிமரம் திடமாக நிற்கும் மரத்துக்குக் கிளை கழித்தாலே போதும், செலவும் குறைவு. அனைத்துலக ஆர்பரிகல்ச்சர் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற மர வல்லுநர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். வெட்ட வருபவரிடமே 'வெட்டலாமா' என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

சகோதரியின் மரத்தில் எனக்குக் கவலை தருவது அந்தக் காளான். அடிமரத்தில் தட்டுப்போல முளைக்கும் காளான் பெரும்பாலும் உள்ளே வெகு நாளாக நடக்கும் அழுகலின் வெளி அடையாளம். இலை பச்சையாக இருக்கும், காய்கூடக் காய்க்கும், உள்ளே வேர் செத்துக்கொண்டிருக்கும். அடிப்பக்கத்து மண்ணில் புதிதாக வெடிப்பு, ஒரு பக்கம் மண் மேலெழும்புவது, சாய்வு முன்பைவிடக் கூடியிருப்பது, மரத்துளையிலிருந்து கறையான் மண் வழிவது இவையும் அப்படித்தான். காளானும் சாய்வும் ஒரே மரத்தில், அதுவும் கீழே கூரை. நான் அந்த வீட்டில் இருந்தால் இந்த மரத்தை வைத்துக்கொள்ள மாட்டேன்.

"மொட்டை அடிச்சி விட்ருவோம்மா, பாதி காசுல முடிஞ்சிரும்" என்று ஒருவர் சொல்லியிருப்பாரே? எல்லா ஊரிலும் சொல்வார்கள். உச்சியை மொத்தமாக வெட்டிவிட்டால் மரம் பதறிப்போய்க் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தப் புதுக் கிளைகள் பழைய கிளையைப் போல மரத்தின் உள்ளிருந்து வளர்வதில்லை. பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வேகமாக நீளும், காற்றில் பிய்ந்து வரும். வெட்டுவாய் வழியே அழுகலும் இறங்கும். இரண்டு மூன்று ஆண்டில் மறுபடி ஆள் கூப்பிட வேண்டும், அப்போது மரம் ஏற இன்னும் ஆபத்தானதாக இருப்பதால் விலையும் ஏறும். தென்னையை மொட்டை அடித்தால் கேட்கவே வேண்டாம், குருத்து போனால் மரமே போயிற்று.

பணத்தை எடுக்குமுன் ஒரு கேள்வி: மரம் யாருடையது? வேலிக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்பது என்றால், அதை அப்பாவே நட்டிருந்தாலும் இடம் சாலை ஒதுக்கீடு. தைப்பிங் நகராண்மைக் கழகத்தில் படத்தோடு புகார் கொடுங்கள், நீங்கள் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கிளை மின்கம்பியை உரசுகிறது என்றால் முதலில் தெனாகா நேஷனலுக்குச் சொல்லுங்கள், எண் 15454. கம்பிக்குப் பக்கத்தில் சாதாரண ஆளை ஏற்றவே கூடாது, அவர் எவ்வளவு தைரியமாகச் சொன்னாலும்.

வேலிக்கு உள்ளே நிற்பது என்றாலும் ஒரு சட்டம் உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172), 35எச் பிரிவுப்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட உள்ளூர் திட்டமிடல் அதிகாரத் தரப்பின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 0.8 மீட்டர் சுற்றளவு என்பது பெரிய மரமே இல்லை, குறுக்களவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வளர்ந்த மாமரம் எல்லாம் அதைத் தாண்டிவிடும். செத்த, செத்துக்கொண்டிருக்கும் மரத்துக்கும் உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்டுவதற்கும் விலக்கு உண்டு. ஆனால் அது செத்ததா, ஆபத்தா என்று பிறகு வாதாடிக்கொண்டிருப்பதைவிட, காளானையும் சாய்வையும் படம் எடுத்துக்கொண்டு நகராண்மைக் கழக முகப்பில் ஒரு நாள் போய்க் கேட்டுவிடுவது எளிது. அந்த ஒரு நாள் விடுப்பையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. எல்லை தாண்டி வந்த கிளையை எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் லெம்மன் எதிர் வெப் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு அது. நம் சிவில் சட்டமும் அந்தப் பொதுச் சட்ட மரபில் வந்ததுதான். ஆனால் மரம் ஆபத்தானது என்று தெரிந்தும் நாம் சும்மா இருந்து அது அவர் வீட்டில் விழுந்தால், 'காற்று அடித்தது, நான் என்ன செய்ய' என்று சொல்லித் தப்புவது கடினம். ஒருமுறை கிளை விழுந்து, அவரும் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இனித் தெரியாது என்று சொல்ல முடியாது. அம்மாவை ஒரு தட்டுப் பலகாரத்தோடு போய்ப் பேசச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாளில் அவர்கள் காரை நகர்த்த வேண்டும், அவ்னிங்குக்கு மேல் பலகை போட இடம் தர வேண்டும். சில வீடுகளில் பக்கத்து வீட்டாரே செலவில் ஒரு பங்கு தருகிறார்கள். கேட்டால்தான் தெரியும்.

இப்போது காசுக்கு வருவோம். கீழே கூரை இருப்பதால் கயிறும் ஆட்களும் இல்லாத 600-ஐ நான் ஒதுக்கிவிடுவேன். நடுவில் உள்ளவரிடம் காப்புறுதித் தாளைக் காட்டச் சொல்வேன். காட்டினால் அவருக்கே வேலை. காட்டாவிட்டால் மூன்றாமவரிடம், தூக்கு மேடை இல்லாமல் முடியுமா, எவ்வளவு குறைப்பீர்கள் என்று பேரம் பேசுவேன். அடிக்கட்டையோடு 1,800 என்று வைத்துக்கொண்டால், எதிர்பாராத செலவுக்கு 15 விழுக்காடு, அதாவது 270. உடையும் வடிகால் மூடி, ஒரு நடை கூடுதல் லோரி, நடைபாதைக் கல் என்று ஏதாவது வராமல் இருக்காது. மொத்தம் 2,070. மூன்று பிள்ளைகள், ஆளுக்கு 690. இரண்டு மாதச் சம்பளத்தில் பிரித்தால் மாதம் 345. இதை அம்மாவின் சேமிப்பிலிருந்து எடுக்காதீர்கள். 2024-இல் வந்த சேமநிதி நெகிழ்வுக் கணக்கிலிருந்தும், முடிந்தவரை வேண்டாம்.

ஏன் இரண்டு மாதம்? நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் மாலை இடிமழை கடுமையாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் கொஞ்சம் வறண்டவை. ஆபத்தில்லாத மரத்துக்கு ஜூன் வரை காத்திருக்கலாம். இந்த மரத்தை ஏப்ரலுக்கு முன் இறக்கிவிட வேண்டும். மரம் சாய்ந்த பிறகு ஆள் தேடினால் அந்த ஊரில் இன்னும் பத்து வீட்டில் மரம் சாய்ந்திருக்கும். அன்றைக்குப் பேரம் பேச முடியாது.

பேசியதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றாலும் சரி. எந்த மரம், எவ்வளவு உயரத்துக்கு வெட்டுவது, கட்டையும் இலையும் எங்கே போகும், அடிக்கட்டை உண்டா இல்லையா, சேதமானால் யார் பொறுப்பு, எத்தனை நாள். முன்பணம் சிறிதாகக் கொடுங்கள், மீதியை நிலம் சுத்தமான பிறகு கொடுங்கள். முழுப் பணத்தையும் முதலில் வாங்கிக்கொண்டு, நடு மரத்தோடு நிறுத்திவிட்டுப் போனவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. வெட்டிய கிளையைப் பின் சந்தில் போட்டு எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளி எரிப்பு குற்றம். லோரிக் காசைவிட அபராதம் பல மடங்கு பெரிது.

அடிக்கட்டைக்கு 300 வெள்ளியா என்று முனகுபவர்களுக்கு, நம் தோட்டத்துப் பெரியவர்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். பழைய ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்த இடத்தில், கன்று மூன்று நான்கு வயதில் மஞ்சள் அடித்துச் சாவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தோண்டினால் வேரெல்லாம் வெள்ளை நூல் படர்ந்திருக்கும். வெள்ளை வேர் நோய். மண்ணில் விட்டுவைத்த பழைய அடிக்கட்டையிலிருந்து வேர் வழியாகப் பரவும் பூஞ்சை அது. தோட்ட நிர்வாகங்கள் காசு செலவழித்துக் கட்டையைத் தோண்டியதும் மருந்து அடித்ததும் அதனால்தான். வீட்டு மாமரத்தின் அழுகல் வேறு பூஞ்சையாக இருக்கலாம், ஆனால் பாடம் அதேதான். நோய் பிடித்த கட்டை மண்ணில் கிடந்தால் அடுத்து வைக்கும் மரத்துக்கும் ஆபத்து, கறையானுக்கும் விருந்து, அது வீட்டுச் சட்டத்துக்கு வரும் வழி ரொம்ப தூரம் இல்லை.

மரம் நல்லபடியாக இருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதம் 40 ரிங்கிட் தனியாகப் போட்டு வாருங்கள். மூன்று ஆண்டில் 1,440 சேரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முறையாகக் கிளை கழிக்க அதிலிருந்தே எடுக்கலாம், பெரிய செலவும் தள்ளிப் போகும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று சகோதரி கேட்டிருந்தார். வெட்டுவதற்கு முன்பே, நோய் இல்லாத மேல்கிளையிலிருந்து ஒட்டுக்கு நான்கு ஐந்து குச்சி எடுத்துவிடுங்கள். நாற்றுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒட்டுக் கட்டித் தருவார்கள், அப்பா வைத்த மாம்பழத்தின் அதே ருசி வரும். அந்த ஒட்டுக்கன்று ஓராண்டு பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும். பழைய மரம் நின்ற குழியில் உடனே மரம் எதையும் வைக்காமல், வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, மண்ணை வெயில் படக் கிளறிவிட்டு, இப்போதைக்குக் கத்தரியோ வெண்டையோ போடச் சொல்லுங்கள். மாங்கன்றைத் தரையில் இறக்கும்போது சுவரிலிருந்து தள்ளி, ஆள் கைக்கு எட்டும் உயரத்திலேயே கவாத்து செய்து வளர்க்கலாம். அம்மாவே பறித்துக்கொள்வார்.